பைக் சைலன்சரை மாத்தினா ரூ.10,000 வரை அபராதமா? குற்றாலம் சாரலுக்குக் கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய முழு விவரம்

தென்காசி: ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி எட்டிப் பார்த்ததும் குற்றாலத்தில் சாரல் ஆரம்பிச்சிடும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவின்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் கூட்டம்தான். நெல்லை, தூத்துக்குடி, மதுரை, விருதுநகர் மட்டுமில்லாம கேரளாவில் இருந்தும் ஆட்கள் வருவாங்க. அதில் பைக்கில் வரும் இளைஞர்கள் கணிசம்.

அந்தக் கூட்டத்தில் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் இன்னொரு சத்தம் உண்டு. கம்பெனி சைலன்சரைக் கழட்டிட்டு வெளிச்சந்தையில் வாங்கி மாட்டிய சைலன்சரோட சத்தம். சிலருக்கு அது கெத்து. ரோட்டோரம் கடை போட்டிருக்கிறவருக்கும், கைக்குழந்தையோட நடந்து போறவங்களுக்கும் அது தலைவலி.

"அண்ணாச்சி, இதை மாட்டினா வண்டி நல்லா இழுக்குமா? போலீஸ் பிடிக்குமா?" ஒர்க்‌ஷாப்பில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் இவை ரெண்டும்தான். இரண்டுக்குமான பதிலை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சைலன்சருக்குள்ளே என்ன இருக்கு?

பேரிலேயே வேலை இருக்கு. சைலன்சர் என்றால் சத்தத்தை அடக்குவது. இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிந்து முடிந்ததும் சூடான வாயு அதிக அழுத்தத்தில் வெளியே பாயும். ஒவ்வொரு முறை எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் ஒரு சின்ன வெடிச்சத்தம் மாதிரி அது வெளியேறும்.

கம்பெனி சைலன்சருக்குள் தடுப்புத் தகடுகளால் பிரிக்கப்பட்ட பல அறைகள் இருக்கும். வாயு ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குச் சுற்றிச் சுற்றிப் போவதால் ஒலி அலைகள் ஒன்றோடு ஒன்று மோதி அடங்கிவிடும்.

வெளியில் விற்கும் சைலன்சர்களில் பெரும்பாலானவை நேர்க்குழாய் வகை. நடுவில் துளை போட்ட குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. அவ்வளவுதான். பஞ்சுதான் சத்தத்தை உறிஞ்சும். நாளாக நாளாக அது எரிந்து, உதிர்ந்து போகும்போது சத்தம் இன்னும் கூடும். விலை மலிவான சிலதில் பஞ்சே பேருக்குத்தான் இருக்கும். முனையில் 'டிபி கில்லர்' என்று ஒரு சின்னத் தடுப்பைப் போல்ட் போட்டுத் தருவாங்க. வாங்கிய மறுநாளே அதைக் கழட்டி எறிந்துவிடுபவர்களும் உண்டு.

சத்தம் கூடினா பவர் கூடுமா?

100, 125, 150 சிசி வண்டிகளில் கடைசி சைலன்சரை மட்டும் மாத்தினால் ரோட்டில் உணரும் அளவுக்கு பவர் கூடாது. சத்தம் கூடுவதால் வண்டி வேகமாகப் போற மாதிரி ஒரு உணர்வு வரும். ஸ்பீடாமீட்டரைப் பார்த்தால் உண்மை தெரியும்.

ரேஸ் வண்டிகளில் பவர் கூடுவது எப்படி? அங்கே இன்ஜின் ஹெட்டில் தொடங்கும் பெண்ட் பைப் முதல் முனை வரை முழு செட்டையும் மாத்துவாங்க. ஏர் ஃபில்டர், இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் அளவு எல்லாவற்றையும் அதற்கேற்ப டியூன் செய்வாங்க. ஸ்லோவேனியாவின் அக்ராபோவிச், ஜப்பானின் யோஷிமுரா போன்ற நிறுவனங்கள் ரேஸ் களத்தில் பேர் வாங்கியது இப்படித்தான். அந்தப் பேரை ஸ்டிக்கராக ஒட்டி விற்கும் போலிகளுக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தம் இல்லை.

உண்மையான லாபம் ஒன்று உண்டு. எடை. கம்பெனி சைலன்சர் கனமானது. தரமான வெளிச்சந்தை சைலன்சர் பெரிய பைக்குகளில் சில கிலோ வரை எடையைக் குறைக்கும்.

நஷ்டமும் உண்டு. குழாயின் நீளமும் விட்டமும் இன்ஜினுக்குப் பொருந்தாவிட்டால் குறைந்த ஆர்.பி.எம்.மில் இழுவை குறையும். சமதளத்தில் இது தெரியாது. பின்னாடி ஒருத்தரை வைத்துக்கொண்டு புளியரை எஸ் வளைவில் ஏறும்போது தெரியும்.

பிஎஸ்6 வண்டியில் என்ன சிக்கல்?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 விதி அமலில் இருக்கு. அதன் பிறகு வந்த பைக்குகளில் எக்ஸாஸ்ட் என்பது வெறும் குழாய் இல்லை. அதில் இரண்டு முக்கியமான பாகங்கள் இருக்கு.

* கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்: கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்களைக் குறைக்கும். சில மாடல்களில் பெண்ட் பைப்பிலும், சிலதில் சைலன்சருக்குள்ளேயும் இருக்கும்.

* ஆக்சிஜன் சென்சார்: வெளியேறும் வாயுவில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கு என்று பார்த்து இசியு-வுக்குச் சொல்லும். அதை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் தெளிக்கணும் என்று இசியு முடிவு செய்யும்.

உங்க வண்டியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சைலன்சருக்குள் இருந்தால், சைலன்சரைக் கழட்டும்போது அதுவும் சேர்ந்து போயிடும். அதன் பிறகு புகைச் சான்று பரிசோதனையில் வண்டி தேறுவது சந்தேகம்தான். ஆக்சிஜன் சென்சாரைச் சரியாக மாட்டாவிட்டாலோ, இணைப்பில் காற்று கசிந்தாலோ கணக்கே தப்பாகும். மீட்டரில் இன்ஜின் விளக்கு எரியும், மைலேஜ் குறையும், இன்ஜின் சூடு ஏறும்.

ஆக்சிலேட்டரை விட்டதும் 'பட் பட்'டென்று வெடிக்கிறதைச் சிலர் ரசிக்கிறாங்க. எரியாமல் வெளியே வந்த பெட்ரோல் சூடான குழாய்க்குள் பத்திக்கொள்வதால் வரும் சத்தம் அது.

சட்டம் என்ன சொல்லுது?

"ஆர்.சி. புக்கில் சைலன்சர் பற்றி ஒரு வரிகூட இல்லையே, அப்புறம் எப்படித் தப்பு?" என்று கேட்கிறவங்க உண்டு. கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிற மாதிரி தோணும். ஆனால் அது ஒரே ஒரு பிரிவை மட்டும் வைத்துக் கேட்கும் கேள்வி.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாகப் பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் அமையும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராக விளக்கி, உற்பத்தியாளரின் அசல் விவரக்குறிப்புக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது.

இந்தப் பிரிவை ஒதுக்கி வைத்தாலும் சைலன்சருக்கென்றே தனி விதி இருக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 120-வது விதிப்படி, ஒவ்வொரு வண்டியிலும் சத்தத்தை முடிந்த அளவு குறைக்கும் சைலன்சர் இருக்கணும். நிர்ணயித்த ஒலி வரம்புக்குள் வண்டி பராமரிக்கப்படணும். ஆர்.சி.யில் என்ன எழுதியிருந்தாலும் இது பொருந்தும்.

மீறினால் என்ன தண்டனை? 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்தில் உள்ளவை இவை:

* பிரிவு 190(2): ஒலி, காற்று மாசு விதிகளை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால், முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும். 3 மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியிழப்பும் உண்டு. மறுபடி சிக்கினால் சிறை 6 மாதம் வரை போகலாம்.

* பிரிவு 182ஏ(4): அனுமதி இல்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும்.

* பிரிவு 194எஃப்: சைலன்சர் வழியே போகாமல் புகையை நேராக வெளியேற்றும் 'கட்-அவுட்' வைத்து ஓட்டினால் ரூ.1,000. அடுத்தடுத்த முறை ரூ.2,000.

இன்னொன்றைப் பெற்றோர் கவனிக்கணும். 18 வயது நிரம்பாத பிள்ளை இந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் செய்தால், 199ஏ பிரிவுப்படி பாதுகாவலர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் விதிக்க முடியும். வண்டியின் பதிவை 12 மாதத்துக்கு ரத்து செய்யவும் வழி இருக்கு.

80 டெசிபல் என்றால் எவ்வளவு?

இருசக்கர வாகனங்களுக்கு 2005 ஏப்ரல் 1 முதல் உற்பத்தி நிலையில் உள்ள ஒலி வரம்பு இது:

* 80 சிசி வரை: 75 டெசிபல்
* 80 முதல் 175 சிசி வரை: 77 டெசிபல்
* 175 சிசிக்கு மேல்: 80 டெசிபல்

ஓடும் வண்டியில் இருந்து 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து, ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகிய நிலையில் இதை அளக்கிறாங்க.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு மாதிரி இல்லை. 80-க்கும் 90-க்கும் 10 தானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. 10 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் 10 மடங்கு. காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும்.

தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். அதாவது 7.5 மீட்டரில் 90 டெசிபல் காட்டும் வண்டி, கூலக்கடை பஜார் மாதிரி குறுகலான தெருவில் நாலு மீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர் காதில் 95-க்கு மேல் விழும். இரண்டு பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி தனி.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கணக்கு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. மருத்துவமனை, பள்ளி, கல்லூரி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40. அருவியில் குளிச்சிட்டு ராத்திரி 11 மணிக்கு மேலகரம், தென்காசி வழியாக உறுமிக்கொண்டு திரும்பும் ஒரு பைக், ஒரு தெருவையே எழுப்பிவிடும். அந்தத் தெருவில் இதய நோயாளி இருக்கலாம், பச்சைக்குழந்தை இருக்கலாம்.

ஓட்டுறவருக்கும் இது நல்லதில்லை. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் பாதுகாப்பு என்று அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் 15 நிமிஷம்தான். காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாவது ஆரம்பத்தில் தெரியாது, போன கேள்திறன் திரும்பவும் வராது.

'ரோடு லீகல்' என்று போட்டு விற்கிறார்களே?

ஆன்லைனில் விற்கும் சைலன்சர்களில் வட்டத்துக்குள் 'இ' எழுத்தும் எண்ணும் பொறித்திருப்பதைப் பார்க்கலாம். மாற்று சைலன்சர்களுக்கான ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணைய விதிப்படி தரப்படும் ஒப்புதல் முத்திரை அது. குறிப்பிட்ட மாடல் வண்டிக்கு, டிபி கில்லரோடு சேர்த்து வாங்கிய ஒப்புதல். அந்த முத்திரையைக் காட்டி இங்கே தப்பிக்க முடியாது. போலியாக முத்திரை அடித்து விற்பதும் நடக்குது.

வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்க. என் வண்டி மாடலுக்கு இந்தியச் சோதனை நிறுவனத்தின் சான்று இருக்கா? அதில் எத்தனை டெசிபல் போட்டிருக்கு? கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அப்படியே இருக்குமா? மூன்றுக்கும் காகிதத்தில் பதில் வரவில்லை என்றால் அது ரோட்டில் ஓட்டுவதற்கான பொருள் இல்லை.

துருப்பிடிச்சு ஓட்டை விழுந்தா என்ன செய்யுறது?

சைலன்சரை மாத்துற எல்லாரும் கெத்துக்காக மாத்துறதில்லை. பால் ஊத்துறவர், காய்கறி ஏத்துறவர், தினமும் வேலைக்குப் போறவர் எனப் பலருக்கும் பழைய வண்டியில் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்துடும். சாரல் அடிக்கும் ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

துரு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உருவாகும். பக்கத்துத் தெருவுக்குப் போய்வருவது மாதிரி குறைந்த தூரமே ஓட்டினால் சைலன்சர் முழுசாகச் சூடாகாது. உள்ளே தேங்கும் தண்ணீர் தகட்டை அரிக்கும். அந்தத் தண்ணீர் வடியத்தான் பல சைலன்சர்களின் அடியில் சின்னதாக ஒரு துளை விட்டிருப்பாங்க. துரு ஓட்டை என்று நினைத்து அதை அடைத்துவிடக் கூடாது.

சின்ன ஓட்டை என்றால் வெல்டிங் வைக்கலாம். சைலன்சரை வண்டியில் இருந்து முழுசாகக் கழட்டிய பிறகே வைக்கணும். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் தீப்பொறி பறந்தால் விபரீதம். மின்சார வெல்டிங் இசியு-வையும் பாழாக்கலாம். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. தகட்டை வைத்து ஒட்டினால் வரும் புகை வெல்டருக்கு ஆகாது.

உள்ளே தடுப்புத் தகடே உதிர்ந்து கடகடவென்று ஆடினால் புதுசுதான் வழி. கம்பெனி பாகம் விலை அதிகம்தான். அதே மாடலுக்கான, உள் அறைகள் முழுசாக உள்ள சைலன்சராகப் பார்த்து வாங்கினால் சத்த வரம்பில் சிக்கல் வராது. பாதி விலைக்குக் கிடைக்கும் டூப்ளிகேட்டில் வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கும், உள்ளே அறை இருக்காது. கையில் தூக்கிப் பார்த்தாலே எடை வித்தியாசம் காட்டிக்கொடுத்துடும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

* இன்ஜின் நல்லா ஆறிய பிறகே கழட்டணும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு வண்டி ஆடாமல் இருக்கணும்.
* ஹெட்டில் உள்ள நட்டு துருப்பிடித்திருந்தால் துரு இளக்கி ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் காத்திருக்கணும். அவசரப்பட்டுத் திருகினால் ஸ்டட் முறிந்து ஹெட் வேலை வரை போயிடும்.
* பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக் கூடாது. புதுசு போடணும்.
* ஆக்சிஜன் சென்சார் ஒயரை இழுக்காமல், முறுக்காமல் கழட்டணும்.
* எல்லா போல்ட்டையும் முதலில் லேசாகப் போட்டு, குழாய் நேராக நிற்கிறதா என்று பார்த்து, ஹெட் பக்கத்தில் இருந்து இறுக்கிக்கொண்டு வரணும். குழாயை இழுத்து வளைத்து மாட்டினால் அதிர்வில் பிராக்கெட் வெட்டிடும்.
* ஒருமுறை ஓட்டிச் சூடாகி, ஆறிய பிறகு போல்ட்டை மறுபடி சரிபார்க்கணும்.
* மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சூடு தடுப்புத் தகடு இல்லாத சைலன்சர் குற்றாலத்தில் இன்னும் ஆபத்து. குளிச்சிட்டு ஈரத்துணியோட, வெறுங்காலோட, குழந்தைகளோட ஆட்கள் பைக்குகளுக்கு நடுவே நடந்து போற பார்க்கிங் அது. கெண்டைக்காலில் ஒரு நொடி பட்டால் போதும், தோல் வெந்துடும்.

புளியரை தாண்டினா?

தென்காசி, செங்கோட்டை பைக்காரர்கள் ஆரியங்காவு, பாலருவி, தென்மலைக்குப் போய்வருவது சாதாரணம். மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம் என்பதால் எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே பிரிவுகள்தான். மாற்றம் செய்த வண்டிகள் விஷயத்தில் கேரள மோட்டார் வாகனத் துறை கெடுபிடிக்குப் பேர் போனது. 2022-இல் 'ஆபரேஷன் சைலன்ஸ்' என்ற பெயரில் இதற்கென்றே தனிச் சோதனை நடத்தினாங்க. அங்கே போடும் இ-சலான் டிஎன் 76 நம்பர் வண்டியையும் தேடி வரும். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் நிலுவை தெரியும்.

வாரண்டி, இன்சூரன்ஸ்?

மாற்றத்தால் ஏற்பட்ட பழுதுக்குக் கம்பெனி வாரண்டி தராது. இன்ஜின் கோளாறு என்று சர்வீஸ் சென்டர் போனால் முதலில் பார்ப்பது எக்ஸாஸ்ட்டைத்தான். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், சொந்தச் சேதத்துக்கான கிளெய்மில் தகராறுக்கு வழிவிடும்.

ஏற்கெனவே மாட்டியிருந்தா?

கழட்டிய கம்பெனி சைலன்சரை ஆக்கர் கடையில் போட்டிருக்காவிட்டால் வேலை சுலபம். அரை நாளில் பழையபடி மாட்டிடலாம். புகைச் சான்றையும் அதன் பிறகு புதுசாக எடுத்துக்கோங்க. பிஎஸ்4, பிஎஸ்6 வண்டிகளுக்கு அது ஒரு வருஷம் செல்லும். போலீஸ் பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோட்டில் அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் காட்சிகள் விசாகப்பட்டினம் போன்ற ஊர்களில் இருந்து ஏற்கெனவே வந்திருக்கு. ஆசையாகக் காசு சேர்த்து வாங்கிய பொருள் அப்படிப் போவதைவிட, வாங்கும் முன்னாடியே யோசிப்பது லாபம்.

உங்க தெருவில் இந்தத் தொல்லை தொடர்ந்து இருந்தால் வண்டி எண், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு 100 அல்லது 112-க்குச் சொல்லலாம். திங்கட்கிழமை நடக்கும் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம். ஓட்டுறவரிடம் நேரடியாகச் சண்டைக்குப் போக வேண்டாம்.

சுருக்கமாக: சின்ன வண்டியில் சைலன்சரை மட்டும் மாத்துவதால் கிடைப்பது சத்தம், பவர் இல்லை. ஒலி வரம்பைத் தாண்டினால் ரூ.10,000 வரை அபராதமும் 3 மாத லைசென்ஸ் தகுதியிழப்பும் வரலாம். துருப்பிடித்ததை மாத்துவது தப்பில்லை, உள்ளே அறைகளும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் உள்ளதாகப் பார்த்து மாத்துங்க. இந்த சீசனுக்குக் கிளம்பும் முன் பிரேக், டயர், ஹெட்லைட்டோடு சைலன்சரையும் ஒருமுறை பார்த்துடுங்க.